தும்பை விட்டுப் போன நிழல்

நாவலூர்
12 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய தாமோதரன் சார் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ஜெஸ்ஸி. நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு உங்களைப் பத்து வயதிலிருந்தே தெரியும். 2004-இல் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் 'உப்புநிலா' முடிந்து எழுத்து ஓடும்போது 'கதை, படம், இயக்கம்: தாமோதரன், செங்கல்பட்டு' என்று ஒரு வரி வரும். 'நம்ம செங்கல்பட்டா!' என்று வீடே அதிரக் கத்துவேன். கார்ட்டூன் எல்லாம் ஜப்பானில்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்த வயசு. அப்போது நாங்கள் இருந்த கல்பாக்கத்தில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊரில் ஒருவர் உட்கார்ந்து நிலாவை வரைகிறார் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அப்போது உங்களோடு வேலை பார்த்த சம்பத் சாரைத் தேடிப் பிடித்துத்தான் உங்கள் விலாசம் வாங்கினேன். போன் நம்பரும் கேட்டேன். 'உப்புநிலான்னு வாயத் தொறந்தா அண்ணாத்த போனை வெச்சிடுவாரு. லெட்டர் போடு. கிழிக்கறதுக்குள்ள நாலு வரியாவது படிச்சிடுவாரு' என்றார். நாலு வரி தாண்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் கதையை உங்களுக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனாலும் எனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? கடல் வற்றி உப்பு மட்டும் மிஞ்சிய ஒரு நிலா. அந்தக் கடலைப் பூச்சியராஜன் எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கிறான். தும்பை என்கிற பெண்ணும், டப்பா என்கிற ஓட்டை இயந்திர மனிதனும், உப்பின் மேல் ஓடும் கட்டுமரத்தில் அந்தக் கதவைத் தேடிப் போகிறார்கள். பதினோராம் பாகத்தில் கதவு கிடைக்கிறது. தும்பை தப்பிக்க வேண்டும் என்று டப்பா உள்ளே நின்று கதவைத் தாங்கிப் பிடிக்கிறான். கதவு மூடிக்கொள்கிறது. டப்பா உள்ளே, தும்பை வெளியே. 'தொடரும்' என்று போட்டீர்கள். அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் ஏதோ சமையல் நிகழ்ச்சி வந்தது. நான் அன்றைக்கு நாஷ்டா சாப்பிடவில்லை.

குறிப்பாக ஏழாம் பாகம் சார். தும்பையை நிழலே இல்லாமல் நடக்க விட்டீர்களே! அதை எப்படித்தான் யோசித்தீர்கள்? இன்றைக்கும் என் சிநேகிதி ஷபானாவும் நானும் போனில் பேசினால் அந்த நிழல் பேச்சு வராமல் இருக்காது.

ஷபானா மே கடைசியில் வருகிறாள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்த நாங்கள் ஏழெட்டுக் குடும்பம் மாமல்லபுரத்தில் கூடி, எங்கள் பிள்ளைகளுக்கு 'உப்புநிலா' போட்டுக் காட்ட ஆசைப்படுகிறோம். அப்பா பதிவு செய்த கேசட்டில் சில பாகங்கள்தான் இருக்கின்றன. எட்டாம் பாகத்தின் மேல் கிரிக்கெட்டைப் பதிந்துவிட்டார். அதற்காக இன்னும் அவரை மன்னிக்கவில்லை. உங்களிடம் பதினொன்றும் இருக்கும் என்றார் சம்பத் சார். தர முடியுமா? முடிவு என்ன என்றும் சொல்லிவிட்டால் கோடி புண்ணியம்.

இப்படிக்கு,
ஜெஸ்ஸி


திருப்போரூர்
23 ஏப்ரல் 2025

ஜெஸ்ஸி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. முழுக்கப் படித்தது என் தப்பு.

நிழலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னாலேயே ஒருவர் கேட்டுவிட்டார். டிவி ஆபீஸில், ஏசி ரூமில், அத்தனை பேர் முன்னால். 'காலு தரையில பாவல, நெழலும் விழல. உங்க ஹீரோயின் இன்னா பேயா மிஸ்டர் தாமோதரன்?' என்றார். ரூமே சிரித்தது. அதற்கப்புறம் நாலே வாரம்தான் எங்களை விட்டு வைத்தார்கள். இருபத்தொரு வருஷம் கழித்து, நாவலூரிலிருந்து அதே கேள்வியை மையில் எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். போனில் இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுமா?

நான் இப்போது வீட்டு மனை விற்பவர்களுக்கு நோட்டீஸ் வரைந்து பிழைக்கிறேன். பொட்டல் காட்டில் பூங்கா, நீச்சல் குளம், தென்னை மரம் எல்லாம் வரைவேன். இல்லாத மரத்துக்குக்கூட நிழல் போட்டுத் தருகிறேன். இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

ஆடி பிறக்கும் முன் இந்த வீட்டைக் காலி செய்துகொண்டு செங்கல்பட்டில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போகிறோம். 'உப்புநிலா' படம், டேப் எல்லாம் ஒரு ட்ரங்க் பெட்டியில் கிடக்கின்றன. அங்கே அதற்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை காயலான் கடை மோகன் வந்து எடுத்துப் போகிறான். ஆகவே உங்கள் கோரிக்கைக்கு என்னிடம் பதில் இல்லை. இனி எழுத வேண்டாம். நேரில் வரவும் வேண்டாம்.

தாமோதரன்


26 ஏப்ரல் 2025
சனிக்கிழமை சாயங்காலம்

சார்,

உங்கள் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. மோகன் நாளைக்கு வருகிறார். தபாலில் போட்டால் இது புதன்கிழமை வந்து சேரும், அதற்குள் தும்பை ஏதோ கடையில் பக்கோடா மடிக்கும் தாளாகியிருப்பாள். அதனால் நானே வண்டியில் வந்து உங்கள் கேட் பெட்டியில் போடுகிறேன். நேரில் வராதே என்றீர்கள். பெல் அடிக்க மாட்டேன்.

எனக்குக் கோபம் வருகிறது சார். நான் கேலி செய்ததாக எப்படி நினைத்தீர்கள்? எங்களுக்கு அது தப்பு என்றே தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் பார்த்தது என்ன என்று சொல்கிறேன். ஏழாம் பாகத்தில் டப்பா உப்பு வெளியில் விழுந்துவிடுகிறான். உச்சி வெயில். வெயிலில் கிடந்தால் அவன் மூளை உருகிவிடும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தீர்கள். ஒதுங்க ஒரு புல் பூண்டு கிடையாது. உதிரி பாகம் தேடி அவனைத் தனியாக விட்டுவிட்டுத் தும்பை நடக்கிறாள். அந்தப் பாகம் முழுக்க அவளுக்கு நிழல் இல்லை. எட்டாம் பாகத்தில் திரும்பி வருகிறாள், டப்பா எழுந்திருக்கிறான், அவளுக்கு நிழல் இருக்கிறது. இதில் புரிய என்ன இருக்கிறது? நிழலைக் கழற்றி அவன் மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்! ஷபானாதான் முதலில் கண்டுபிடித்தாள். 'ஏய், அவ நெழல டப்பாவுக்குக் குடுத்துட்டாடி' என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இரண்டு பேரும் அழுதோம். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

எங்கள் அப்பாக்கள் எல்லாம் அங்கே அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. எப்போது யாருக்கு மாற்றல் வரும் என்று தெரியாது. மூன்று வருஷம் ஒன்றாக விளையாடிய பிள்ளை திடீரென்று லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விடும். அந்த ஏழாம் பாகத்துக்கு அப்புறம் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. போகிற பிள்ளை சாயங்கால வெயிலில் சைக்கிள் ஸ்டாண்டு சிமெண்டுத் தரையில் நிற்க வேண்டும். மற்றவர்கள் அதன் நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவோம். அப்புறம் அது ஒரு எட்டு விலகிப் போய்விடும். கோடு எங்களிடம் இருக்கும். மனசு சரியில்லாத அன்றைக்கு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வோம்.

அடுத்த வருஷம் ஷபானாவின் அப்பாவுக்கு வடக்கே தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு மாற்றல் வந்தது. அவளுக்கும் கோடு போட்டேன். மழையில் அழிந்தபோதெல்லாம் ஞாபகத்தில் இருந்து மறுபடி வரைந்தேன். வரவர அவள் குண்டாகிக்கொண்டே போனாள். அந்தக் கோடு மட்டும் இல்லையென்றால் அந்த வருஷத்தை நான் எப்படிக் கழித்திருப்பேன் என்று தெரியவில்லை.

பெட்டியைப் போட்டுவிடாதீர்கள் சார். எனக்குத் தர வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். காயலான் கடைக்கு மட்டும் வேண்டாம்.

ஜெஸ்ஸி


திருப்போரூர்
5 மே 2025

ஜெஸ்ஸிக்கு,

என் மனைவி வரலட்சுமி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். 'யாரோ ஒரு பொண்ணு வண்டில வந்து கேட்டுல லெட்டர போட்டுட்டு திருடி மாதிரி ஓடுது, இன்னான்னு பாருய்யா' என்றாள். நான் பார்க்கவில்லை. அவளே எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் மோகன் வந்து பெட்டியை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிவிட்டான். இவள் வாசலில் போய் நின்றாள். 'எறக்குடா' என்றாள். 'அண்ணன்தானே எடுத்துக்கச் சொன்னாரு அக்கா?' என்றான். 'அவரு கெடக்கறாரு, எறக்கு' என்றாள். பெட்டிக்குப் பதிலாக ஒரு பழைய ஃபேனையும் இரண்டு பிளாஸ்டிக் குடத்தையும் அவனுக்குக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் உங்கள் கடிதத்தை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தட்டில் சோறு இல்லை. படித்தால்தான் சோறு என்று அர்த்தம்.

கேலி செய்யவில்லை என்று புரிகிறது. கோபப்பட்டதற்கு வருந்துகிறேன்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் ஒரு செருப்புக் கடை மாடியில் நாங்கள் ஐந்து பேர். பின்னணி தனி, ஆள் தனி, நிழல் தனி என்று வரைந்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்போம். நிழலைச் சேர்ப்பது கடைசி வேலை. நிழல் விழாவிட்டால் ஆள் தரையில் நிற்காது, மிதக்கும். சனிக்கிழமை ராத்திரிக்குள் சம்பத் டேப்பை எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் மெட்ராஸ் போய்க் கொடுக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. வந்தபோது ஆளைச் சேர்க்கத்தான் நேரம் இருந்தது. 'நெழலு இல்லன்னா இன்னா அண்ணாத்த, எவன் பாத்துகினு கீறான்?' என்று சம்பத் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது.

அந்த நிழலை நான் யோசிக்கவே இல்லை ஜெஸ்ஸி. நாங்கள் செய்தது தப்பு. நீங்கள் அதிலிருந்து ஒரு கதை செய்துகொண்டீர்கள். உங்கள் பாராட்டை மின்சார வாரியத்துக்கு, அந்த டிரான்ஸ்பார்மர் பேருக்கு அனுப்புவதுதான் நியாயம்.

முடிவு கேட்டிருந்தீர்கள். முடிவு கிடையாது. வாரா வாரம் யோசித்துத்தான் எழுதினோம். டப்பாவைக் கதவுக்குள் தள்ளி மூடிவிட்டு, எப்படி வெளியே எடுப்பது என்று அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கப்புறம் நான் தும்பையை ஒரு தடவைகூட வரைந்து பார்த்ததில்லை. கை போகவில்லை.

சம்பத் எப்போதோ பதினொன்றையும் போட்டுத் தந்த டிவிடி அந்தப் பெட்டியில்தான் இருந்தது, அவனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமோதரன்


நாவலூர்
12 மே 2025

அன்புள்ள தாமோதரன் சார்,

வரலட்சுமி அம்மாவுக்கு முதலில் என் நன்றி. உங்களுக்கு இரண்டாவதுதான்.

என் வேலை என்ன தெரியுமா சார்? மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான். அதற்குத்தான் சம்பளம். தப்பைத் தப்பு என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

அதனால் கேட்கிறேன். பூச்சியராஜனுக்கு நிழல் இல்லாமல் போயிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? 'டிவி கெட்டுப்போச்சு' என்று தலையில் ஒரு தட்டுத் தட்டியிருப்போம். தும்பை என்றதும் ஏன் வேறு மாதிரி தோன்றியது? இரண்டாம் பாகத்தில் தன் குடிதண்ணீரில் பாதியை டப்பாவின் இஞ்சினில் ஊற்றியவள் அவள். நான்காம் பாகத்தில் புழுதிப் புயலில் அவன் கண்ணாடிக் கண்ணைத் தன் தாவணியால் கட்டிவிட்டு, தான் கண்ணை மூடிக்கொண்டு படகு ஓட்டினாள். ஆறு வாரமாக அவளை அப்படி வரைந்தது யார் சார், மின்சார வாரியமா? இவள் நிழலைக்கூடக் கொடுத்துவிட்டு வருவாள் என்று பத்து வயசுப் பிள்ளைகள் இரண்டு பேர் சட்டென்று நம்பினார்கள். நீங்கள் அப்படி ஒரு பெண்ணைச் செய்ததால்தான் நம்பினார்கள். டிரான்ஸ்பார்மர் நிழலைத்தான் எடுத்தது.

மே 31 சனிக்கிழமை, மாமல்லபுரத்தில் ரெஜினா வீட்டு மாடி ஹால். ரெஜினாவும் எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்தான், இப்போது அங்கே சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறாள். மத்தியானம் ஆரம்பிக்கிறோம். நீங்களும் அம்மாவும் வர வேண்டும். மேடை, மாலை, பொன்னாடை எதுவும் கிடையாது. பஜ்ஜி உண்டு.

ஜெஸ்ஸி


திருப்போரூர்
20 மே 2025

ஜெஸ்ஸிக்கு,

தாவணியை நான் மறந்தே போயிருந்தேன்.

வர இயலாது. ஒரு மனை நோட்டீஸ் அவசரமாகக் கேட்கிறார்கள். சம்பத் வருவான். ஒன்பதாம் பாகம் நடுவில் திக்கும், தட்டில் கீறல் இருக்கிறது, பயப்பட வேண்டாம். இந்தக் காலப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பிடிக்காது. எழுந்து போனால் திட்டாதீர்கள்.

தாமோதரன்

(பாப்பா, நோட்டீஸும் இல்லை ஒன்றும் இல்லை. பயம். — வரலட்சுமி)


நாவலூர்
2 ஜூன் 2025

அன்புள்ள சார்,

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். முதல் பாகத்திலேயே இரண்டு பையன்கள் போன் கேட்டு அழுதார்கள். 'ஏன் ஆன்ட்டி பொம்மை இப்டி ஆடி ஆடி நடக்குது?' என்றது ஒரு குட்டி. மூன்றாம் பாகத்தில் ஒருத்தன் தூங்கிவிட்டான். எங்களில் பாதிப் பேரே பஜ்ஜிப் பக்கம் போய்விட்டோம். நம் ஞாபகத்தில் பளபளவென்று இருந்த படகு இவ்வளவு சின்னதா என்று எனக்கே தோன்றியது.

ஏழாம் பாகம் வந்தது. நாங்கள் யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். ஷபானா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் பாகம் முடிந்தது. அப்போதும் ஒன்றும் இல்லை. சரி, எங்கள் காலத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்று முடிந்து 'தொடரும்' வந்தபோது மட்டும் 'மீதி எங்க?' என்று எல்லாமாகச் சேர்ந்து கத்தின.

அப்புறம் பெரியவர்கள் பேசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டோம். கிளம்பும்போது கீழே வாசலுக்கு வந்தால், சிமெண்டுத் தரை முழுக்கச் சாக்பீஸ் கோடு. எல்லாப் பிள்ளைகளுடைய நிழலும். நாங்கள் யாருமே அவர்களுக்கு அந்த வழக்கத்தைச் சொல்லித் தந்ததில்லை சார். ஷபானாவின் மகளைக் கேட்டேன். 'நாங்க ஊருக்குப் போறோம்ல, இங்க வெயிலா இருக்குமே' என்றாள். ஷபானா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அவளைச் சமாதானம் செய்யவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

இதற்கப்புறம்தான் முக்கியமான விஷயம். கேட்டை ஒட்டி, பெரிய ஆள் நிழல் ஒன்று. கையில் விரித்த குடை. காளான் முளைத்த மாதிரி. பிள்ளைகளில் யாரும் அவ்வளவு உயரம் இல்லை. எங்களிலும் யாரும் குடை கொண்டுவரவில்லை. யாருடையது என்று கேட்டதற்கு, 'ஒரு தாத்தா. கடைசியில சேர் போட்டு உக்காந்திருந்தாரே. அசையாம நில்லுங்கன்னு சொன்னேன், நின்னாரு' என்றாள் ஷபானாவின் மகள்.

சம்பத் சாரிடம் கேட்டேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு 'யாரோ டூரிஸ்டு' என்றார்.

அந்தக் கோட்டை ரெஜினா கழுவ விடவில்லை. உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

ஜெஸ்ஸி


செங்கல்பட்டு
12 ஜூலை 2025

அன்பு ஜெஸ்ஸிம்மா,

புது விலாசத்திலிருந்து முதல் கடிதம். பால் காய்ச்சிவிட்டோம். ட்ரங்க் பெட்டி ஹாலில், டிவி வைக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. டிவி தரையில். வரலட்சுமியின் ஏற்பாடு.

டூரிஸ்டு நான்தான். 'நோட்டீஸுதானே, நாளைக்குப் போட்டுக்கோ' என்று குடையைக் கையில் திணித்து அவளே பஸ் ஏற்றிவிட்டாள். ஹாலில் விளக்கை அணைத்ததும் மெல்ல வந்து கடைசியில் உட்கார்ந்தேன். பையன் தூங்கியதைப் பார்த்தேன். பொம்மை ஏன் ஆடி ஆடி நடக்கிறது என்று கேட்டதும் காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. எங்களிடம் தாள் வாங்கக் காசு குறைவு, ஒரு நடைக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டிய இடத்தில் ஆறு வரைவோம். ஏழாம் பாகம் ஓடியபோது தலையைக் குனிந்துகொண்டேன். பழைய சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். ஹாலே அமைதியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் நீயும் உன் சிநேகிதியும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இருபத்தொரு வருஷம் கழித்து அந்தப் பாகத்தை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடலாம் என்று கேட்டருகே வந்தேன். சாக்பீஸோடு அந்தக் குட்டி மடக்கிவிட்டாள். 'தாத்தா, நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?' என்றாள். செங்கல்பட்டுக்கு வீடு மாறுகிறோம் என்றேன். 'அப்ப நில்லுங்க' என்றாள். நின்றேன். குடையை மடக்கவா என்று கேட்டேன். 'வேணாம், குடை இருந்தா ரெண்டு பேரு உக்காரலாம்' என்றாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பஸ் முழுக்க அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் சில்லறை கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'மீதி எங்க?' என்று கத்தினார்களே, அதிலிருந்து தூக்கம் சரியில்லை. கதவு மூடிவிட்டது. கல் கதவு. தும்பையால் தள்ள முடியாது, உடைக்க முடியாது, சாவி கிடையாது. எல்லா வழியையும் நானே அன்றைக்கு அடைத்து வைத்துவிட்டேன். இங்கே சாமான் இறக்கும்போது லாரிக்காரர் இந்தப் பெட்டியைக் கதவோரமாக வைத்தார். காலை வெயிலில் என் நிழல் கதவுக்குக் கீழே இருக்கிற சந்துக்குள் போய் உள்ளே தரையில் விழுந்து கிடந்தது. நான் வெளியே நிற்கிறேன், அது உள்ளே இருக்கிறது. வரலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'இன்னாய்யா, நெழல பாத்துகினு கீற? பாத்திரத்த எறக்கு' என்றாள். அப்புறம் அவளே திரும்பி வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

தும்பை நுழைய முடியாத இடத்தில் அவள் நிழல் நுழையும். உள்ளே டப்பாவுக்குத் துணை போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து இருவரும் என்ன செய்வார்கள் என்று யோசித்து வைத்திருக்கிறேன், கடிதத்தில் சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டாம் பாகம் ஆரம்பித்துவிட்டது. டிவி கிடையாது, கம்பெனி கிடையாது, வெறும் பென்சிலும் தாளும்தான். கோடு நடுங்குகிறது. ஆனால் போகிறது. சம்பத் சனிக்கிழமைகளில் வருகிறேன் என்கிறான். தப்பு கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டும், அது உன் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. பெட்டியில் லெட்டர் போட்டுவிட்டு ஓடாதே, பெல் அடி.

முதல் தாள் மேஜையில் இருக்கிறது. மூடிய கதவு, உச்சி வெயில், உப்பு. தும்பையை இன்னும் வரையவில்லை. நிழலை முதலில் வரைந்துவிட்டேன்.

அன்புடன்,
தாமோதரன்